வில் தளர்ந்த வண்டி

நம் முன்னோர் மாட்டு வண்டிகளுக்கு இரு பெயர் வைத்திருந்தனர். ஒன்று கட்டை வண்டி. மற்றொன்று வில் வண்டி. கட்டை வண்டியில் ஏற்றிய பாரம் முழுவதும் நேரே அச்சின்மேல் அமர்ந்துவிடும். பாதையில் எத்தனை கல் உண்டோ, எத்தனை குழி உண்டோ, அத்தனையும் ஏறியிருப்பவரின் முதுகெலும்பில் வந்து கணக்குத் தீர்க்கும். வில் வண்டியிலோ அச்சுக்கும் மேற்கூண்டுக்கும் இடையில் வளைந்த இரும்புப் பட்டைகள் அடுக்கடுக்காகப் பொருத்தப்பட்டிருக்கும். வழியின் அதிர்ச்சியை அப்பட்டைகள் வாங்கிக்கொள்ளும். அமர்ந்திருப்பவர் அலுங்காமல் செல்வர். வசதி படைத்த குடும்பங்களே வில் வண்டி வைத்திருந்தன. வளைந்து கொடுத்து மீண்டும் நிமிரும் இயல்பைக் கண்டு, அம்பெய்யும் வில்லின் பெயரையே அதற்கும் இட்டார்களே, அச்சொல்லாட்சி எத்துணைப் பொருத்தமானது!

வில் வண்டிகள் இன்று சென்னைச் சாலைகளில் இல்லை. ஆயினும் வில் நம்மை விட்டுப் போய்விடவில்லை. 1840-இல் தொடங்கிக் குதிரை வண்டிகள் கட்டிப் பெயர்பெற்ற சிம்சன் நிறுவனம், 1903-இல் இந்நகரிலேயே நீராவி மோட்டார் வண்டி ஒன்றை உருவாக்கியது. குதிரை போய் எஞ்சின் வந்தபோதும் பட்டை வில் வண்டியின் அடியிலேயே தங்கிவிட்டது. அம்பாசடர் காரின் பின்பக்கத்தைத் தாங்கியது அதுவே. சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் பின்சக்கரங்களுக்கு இடையே குறுக்காக ஒரே பட்டை வில் அமைந்திருந்ததை, அக்காரை வைத்திருந்த மூத்தோர் நினைவுகூர்வர். புதிய கார்களில் பெரும்பாலும் சுருள்வில் வந்துவிட்டது. பாரம் சுமக்கும் வண்டிகளிலோ, பெரிய லாரி முதல் 2005-இல் வெளிவந்து மக்கள் ‘குட்டி யானை’ என்று செல்லமாக அழைக்கும் டாட்டா ஏஸ் வரையில், பின்சக்கரங்களுக்கு மேலே இருப்பது அந்தப் பழைய பட்டை வில்தான்.

குருமடத்தில் எங்களுக்கு மெய்யியலும் இறையியலும் கற்பித்தனர். வண்டியின் வில்லைப் பற்றி எவரும் கற்பிக்கவில்லை. மயிலாப்பூர்ப் பகுதியிலுள்ள இப்பங்கின் பொறுப்பை நான் ஏற்றபோது, கோவில் வளாகத்து வேப்பமரத்தடியில் நின்ற பழைய பிக்கப் வண்டியே அப்பாடத்திற்கு எனக்கு முதல் நூலாயிற்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை பட்டினப்பாக்கத்தையும் சீனிவாசபுரத்தையும் தாக்கியபின், கடற்கரைக் குடும்பங்களுக்குப் பொருள்களைக் கொண்டுசெல்வதற்காக 2005-இல் வாங்கப்பட்ட வண்டி அது. அதற்கெனப் பயணக் குறிப்பேடு ஒன்று அன்றுமுதல் எழுதப்பட்டு வருகிறது. ஒரு மாலையில் அதைப் புரட்டிப் பார்த்தேன்.

2015 டிசம்பர் முதல் வாரம்: அடையாறு கரைபுரண்டு கோட்டூர்புரமும் சைதாப்பேட்டையும் வெள்ளத்தில் தத்தளித்த நாள்கள். ஒரே நாளில் ஐந்து நடை; அரிசி, பாய், போர்வை, குடிநீர். 2019 கோடை: நகருக்கு நீர் தரும் ஏரிகள் ஏறத்தாழ வற்றிப்போன காலம். நாள்தோறும் இரண்டு நடை தண்ணீர். இடையிடையே திருவிழாப் பந்தல் சாமான்கள், வின்சென்ட் தே பவுல் சபையினர் வறியோர்க்கு வழங்கும் அரிசி மூட்டைகள், வீடு மாறும் ஏழைக் குடும்பங்களின் தட்டுமுட்டுப் பொருள்கள். எழுதப்பட்ட ஒவ்வொரு வரியும் ஒரு நற்செயல். ஆயினும் பல வரிகளுக்குக் கீழே எழுதப்படாத மற்றொரு வரி இருந்தது: அன்று வண்டி தன் அளவுக்கு மேல் சுமந்தது. வறியவருக்கென ஏற்றிய அரிசியும் வணிகருக்கென ஏற்றிய அரிசியும் உருக்குப் பட்டைக்கு ஒன்றே. தருமப் பொருள் என்பதற்காக அதன் எடை குறைவதில்லை.

வண்டியின் நிலையை முதலில் எடுத்துச் சொன்னவர், பதினாறு ஆண்டுகளாக அதை ஓட்டிவரும் தம்பி. “ஃபாதர், வண்டி உட்கார்ந்துவிட்டது” என்றார். காலியாக நிற்கும்போதே பின்பக்கம் தாழ்ந்திருந்தது. பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் நிமிரும். முகப்பு விளக்கின் ஒளி சாலையை விட்டு எதிரே வருபவரின் கண்ணில் பாயும். இரவில் எதிர்வரும் ஓட்டுநர்கள் ஏசிவிட்டுச் செல்வதன் காரணம் அதுவே. முன்சக்கரங்களின்மேல் பாரம் குறைவதால் வளைவுகளில் ஸ்டியரிங் இலேசாகிப் பிடிப்பு இழக்கும். பாரம் ஏற்றி வேகத்தடையைக் கடக்கும்போது, வில் தாங்க வேண்டிய இடியைச் சேசிஸ் நேரே வாங்கிக்கொண்டு ‘டம்’மென்று ஒலிக்கும். மெட்ரோ இரயில் பணிகளுக்காகப் பல ஆண்டுகளாக வெட்டப்பட்ட கச்சேரி சாலையிலும் மந்தைவெளியிலும் இவ்வொலியை ஒரு நாளில் எத்தனை முறை கேட்டிருப்பார்! இரவு நேரங்களில் இடுப்பு வலியால் அவர் துன்புற்றதை அவருடைய மனைவி எனக்குப் பின்னர் சொன்னார்.

மறுநாள் காலையில் காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தினோம். நான்கு சக்கரங்களிலும் காற்றைச் சரிபார்த்தபின், சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே தட்டின் விளிம்புவரை இருபுறமும் அளந்தோம். வலப்பக்கத்தைவிட இடப்பக்கம் மூன்று விரற்கடை தாழ்ந்திருந்தது. கோணி விரித்துப் படுத்து அடியில் பார்த்தபோது உண்மை இன்னும் தெளிவாயிற்று. வளைந்திருக்க வேண்டிய பெரிய பட்டை ஏறத்தாழ நேராகக் கிடந்தது. அதற்குக் கீழிருந்த பட்டையின் ஒரு முனை முறிந்திருந்தது. பட்டைகளுக்கு இடையே வெள்ளநீர் விட்டுச்சென்ற துரு செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது.

செய்தி பங்குப் பேரவையின் முன் வந்தது. கருத்துகள் பலவாயின. வண்டியை விற்றுவிட்டு, வேண்டும்போது வாடகைக்குக் குட்டி யானை அமர்த்திக்கொள்ளலாம் என்றார் ஒருவர். கணக்கின்படி அது நியாயமான யோசனையே. ஆனால் எஞ்சினும் சேசிஸும் நல்ல நிலையில் இருந்தன. அதைவிட, பதினாறு ஆண்டு உழைத்த ஒரு தம்பியின் பிழைப்பும் அவ்வண்டியோடு கட்டுண்டிருந்தது. கொல்லரிடம் கொடுத்துப் பழைய பட்டைகளையே காய்ச்சி வளைத்துக்கொள்ளலாம் என்றார் இன்னொருவர். புதுப்பேட்டையில் கழற்றிய வண்டிகளின் வில் மலிவாகக் கிடைக்கும் என்றார் மற்றொருவர். “எதற்கு இவ்வளவு செலவு? இருப்பதோடு கூடுதலாக ஒரு பட்டை சொருகிவிட்டால் வண்டி நிமிர்ந்து கொள்ளுமே!” என்ற குரலுக்கே அன்று ஆதரவு மிகுதி. கோவில் கூரைக்கும் பணம் தேவைப்பட்ட ஆண்டு அது. ஆகவே முடிவு எடுக்குமுன், வில் ஏன் தளர்கிறது என்பதை நாங்கள் அறிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் 1678-இல் வெளியிட்ட விதி ஒன்றைப் பள்ளியில் அனைவரும் படித்திருப்போம். வில்லின்மேல் ஏற்றும் பாரம் எவ்வளவோ, அதற்கு ஏற்ற அளவில் வில் வளையும். பாரம் இரட்டித்தால் வளைவும் இரட்டிக்கும். பாரத்தை இறக்கினால் வில் பழைய நிலைக்குத் திரும்பும். ஆயின் இவ்விதிக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைத் தாண்டி வளைக்கப்பட்ட உருக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. சிறிது வளைவு அதில் நிலைத்துவிடுகிறது. எல்லையைத் தாண்டிய ஒவ்வொரு நடையும் தன் பங்குக்குச் சிறிதளவைச் சேர்த்துவிட்டுச் செல்கிறது.

எல்லைக்குள் சுமந்தாலும் உருக்குக்குக் களைப்பு உண்டு. 1842 மே மாதத்தில் பிரான்சின் வெர்சாய் நகரிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய தொடர்வண்டியின் எஞ்சின் அச்சு முறிந்து, 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த அச்சு திடீரென ஏன் முறிய வேண்டும் என்ற கேள்வி ஐரோப்பியப் பொறியாளர்களை வாட்டியது. பிற்காலத்தில் செருமானியப் பொறியாளர் அகஸ்ட் வோலர் இரயில் அச்சுகளைப் பல ஆண்டுகள் சோதித்து, ஒரே முறையில் முறிக்கப் போதாத பாரமும் பல இலட்சம் முறை ஏறி இறங்கினால் உலோகத்தை முறிக்கும் என்பதை நிலைநாட்டினார். மேற்பரப்பில் துரு தின்ற ஒரு சிறு பள்ளம் போதும். அங்கே மயிரிழை போன்ற விரிசல் தோன்றும். அது நாள்தோறும் வளர்ந்து, ஒருநாள் பட்டையைத் துண்டாக்கும்.

இதை உணர்ந்தபின் பேரவையின் கேள்விகளுக்கு விடை எளிதாயிற்று. கொல்லுலையில் காய்ச்சி வளைத்தால் வடிவம் திரும்பும். ஆனால் வில் செய்யும் ஆலையில் உருக்கைப் பழுக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கி, மீண்டும் அளவான சூட்டில் வைத்துத் தரும் பதம் திரும்பாது. உள்ளே தோன்றிய விரிசலும் மறையாது. கழற்றிய பழைய வில்லின் கதை நமக்குத் தெரியாது. அது எத்தனை சுமை கண்டதோ, யார் அறிவார்? கூடுதல் பட்டை சொருகினால் வண்டி நிமிரும் என்பது உண்மை. ஆனால் சேசிஸோடு அச்சைப் பிணைத்து நிறுத்துவது, இரு முனையிலும் வளையம் கொண்ட பெரிய பட்டை. தளர்ந்துபோன அப்பட்டை அப்படியே இருக்க, புதுப்பட்டை தளர்ச்சியை நம் கண்ணிலிருந்து மறைக்கும், அவ்வளவே. ஓடும் வேளையில் பெரிய பட்டை முறிந்தால் அச்சு ஒருபுறம் விலகி, வண்டி நண்டைப்போல் கோணலாக நடக்கும். அது கடற்கரைச் சாலையில் நிகழுமா, பள்ளி விடும் நேரத்துத் தெருவில் நிகழுமா என்று யார் சொல்ல இயலும்? இருபுறமும் புது வில் மாற்றுவதெனப் பேரவை முடிவு செய்தது. கூரை வேலை மழைக்காலம் கழியும்வரை காத்திருக்க, ஒழுகும் இடத்தில் தற்காலிகமாகத் தகடு போட்டுக்கொண்டோம்.

ஒருபுறம்தானே முறிந்திருக்கிறது, அதை மட்டும் மாற்றினால் ஆகாதா என்று பொருளாளர் கேட்டார். இரு கால்களில் ஒன்றுக்கு மட்டும் புதுச் செருப்பு வாங்குவதுண்டோ? புது வில் விறைப்பாக நிற்க, பழைய வில் தாழ, வண்டி ஒருபுறம் சாய்ந்தே ஓடும். ஆதலின் வில் எப்போதும் இணையாகவே மாற்றப்பட வேண்டும்.

ஜெனரல் பேட்டர்ஸ் சாலையின் உதிரிபாகக் கடைகளில், வண்டியின் வகையையும் ஆண்டையும் சொல்லி இரு வில் தொகுதிகளும், அவற்றுக்குரிய புது யூ போல்ட்டு, ஷேக்கிள், புஷ், பின் ஆகியவையும் வாங்கினோம். வேலைக்குத் தியாகராய நகரிலுள்ள சிறிய பட்டறை ஒன்றை ஓட்டுநர் காட்டினார். பட்டறைக்காரர் ஓர் இசுலாமியப் பெரியவர். அனைவரும் அவரைப் பாய் என்றே அழைப்பர். முதல் நாள் மாலையே வண்டியை வரச்சொல்லி, துருப்பிடித்த போல்ட்டுகளுக்கெல்லாம் எண்ணெய் விட்டு இரவு முழுதும் ஊறவைத்தார். “இரும்போடு சண்டை போடக்கூடாது, ஃபாதர், அதற்கு நேரம் கொடுக்க வேண்டும்” என்றார்.

காலையில் முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார்கள். பின்பக்கத்தை உயர்த்தி, சேசிஸின் அடியில் இரு ஸ்டாண்டுகளை நிறுத்தி, வண்டியை அவற்றின்மேல் இருத்தினார்கள். ஜாக்கி அச்சைத் தாங்குவதற்கு மட்டுமே. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் எவரும் தலை நீட்டக்கூடாது என்பது அப்பட்டறையின் கண்டிப்பான ஒழுங்கு. பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் விளையாட்டாகக் குனிந்தபோது பெரியவர் போட்ட அதட்டல் தெருமுனைவரை கேட்டது. ஷாக் அப்சார்பரின் கீழ்முனையைக் கழற்றினார்கள். வில்லை அச்சோடு கட்டியிருந்த யூ போல்ட்டுகள் இரண்டு திரும்ப மறுத்ததால் வெட்டி எடுக்கப்பட்டன. முன்வளையத்தின் பின்னையும் பின்வளையத்தின் ஷேக்கிளையும் நீக்கி, இருவர் சேர்ந்து பழைய வில்லைக் கீழே இறக்கினர்.

ஷேக்கிள் எதற்கு என்று கேட்டேன். வளைந்த பட்டை பாரத்தால் நிமிரும்போது அதன் நீளம் கூடும். இரு முனைகளையும் இறுகக் கட்டிவிட்டால் நீள இடமின்றி முறியும். ஆதலின் பின்முனை மட்டும் ஊஞ்சல்போல் ஆடும்படி தொங்கவிடப்பட்டுள்ளது என்று, ஒரு துண்டுத் தகட்டை விரல்களுக்கு இடையே வளைத்துக் காட்டி விளக்கினார். பட்டைகளின் நீளம் ஒன்றுக்கொன்று குறைந்துகொண்டே வருவதன் காரணத்தையும் சொன்னார். வளைக்கும் விசை நடுவில் மிகுதி, முனைகளில் குறைவு; எங்கே விசை மிகுதியோ அங்கே பட்டைகளும் மிகுதி.

புது வில்லின் நடுப்போல்ட்டுத் தலை அச்சின் இருக்கையிலுள்ள துளையில் சரியாக அமர்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே யூ போல்ட்டுகள் ஏறின. அது விலகினால் அச்சும் விலகும். ஒரு பக்கம் முழுவதையும் முடுக்கிவிட்டு மறுபக்கம் போகாமல், மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்கினார்கள். வளையத்துப் போல்ட்டுகளை மட்டும் தளர்வாகவே விட்டு, வண்டியைத் தரையில் இறக்கிச் சக்கரங்களில் எடை அமர்ந்தபின் இறுதியாக இறுக்கினார்கள். தூக்கிய நிலையிலேயே இறுக்கிவிட்டால், இறக்கும்போது உள்ளேயுள்ள இரப்பர் புஷ் முறுக்குண்டு விரைவில் கிழியும் என்றார் பாய். பிரேக் குழாயும் கைபிரேக் கம்பியும் இழுபடாமல் இருக்கின்றனவா என்று பார்த்தபின், முகப்பு விளக்கின் ஒளியைத் தாழ்த்திச் சரிசெய்தனர். அளந்தோம், இருபுறமும் ஒரே உயரம். முந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் யூ போல்ட்டுகளை மீண்டும் முடுக்க வரவேண்டும் என்று தேதி குறித்துக் கொடுத்தார். புதுப்பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து அமரும்போது போல்ட்டு தளரும். இதை மறந்தவர்களின் வில் மீண்டும் முறிந்து பட்டறைக்கு வருவதுண்டாம்.

வேலை இவ்வாறு நல்லபடி முடிந்தது. ஆயினும் மெய்யான சோதனை அதன் பிறகே வந்தது. ஆகஸ்டு 29-இல் பெசன்ட் நகர் அன்னை வேளாங்கண்ணித் திருத்தலத்தில் கொடியேற்றம். காவியுடை அணிந்து நகரின் பல பகுதிகளிலிருந்தும் மக்கள் நடந்து செல்வதை அறிவீர்கள். நம் பங்கு இளைஞர்கள் வந்து, “புது வில் போட்டாயிற்றே ஃபாதர்! முதியவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகலாமே, தண்ணீருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டியை வைத்துவிடலாமே” என்றனர். அவர்கள் கேட்டதில் அன்பே இருந்தது. மறுப்பது எனக்கு எளிதாக இல்லை. மூட்டு வலியோடு அந்தப் பயணத்துக்காக ஆண்டு முழுதும் காத்திருந்த தாய்மார்களின் முகங்களை நான் அறிவேன்.

ஆனால் புது வில், வண்டி இழந்த வலிமையைத் திருப்பித் தருமேயன்றி, அதன் அளவை உயர்த்தாது. பிரேக்கு பழையதே, அச்சும் சக்கரமும் பழையவையே, பதிவுச் சான்றில் எழுதிய எடையும் மாறவில்லை. சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றிச் செல்வது சட்டப்படி குற்றம். பிடிப்பற்ற தட்டில் நிற்பவருக்கு ஒரு திடீர் பிரேக்கே போதும். அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால் 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். தண்ணீரின் எடையையோ நாம் உணர்வதே இல்லை. ஒரு லிட்டர் ஒரு கிலோ. ஆயிரம் லிட்டர் ஒரு டன். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டைகள் நாற்பதுக்கு அது சமம். பிளாஸ்டிக் நாற்காலிகள் மலைபோல் குவிந்தாலும் வில் அசையாது. தரையோடு தரையாக அமர்ந்திருக்கும் தண்ணீர்த் தொட்டி அதை ஒடித்துவிடும். மயிலையில் வாழ்ந்தவர் என்று மரபு போற்றும் வள்ளுவர், மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்னும் உவமையை வலியறிதல் அதிகாரத்தில் வைத்தார். மயிலிறகுக்கே அப்படியென்றால் தண்ணீருக்குச் சொல்ல வேண்டுமோ?

முதியோர்க்கென வாடகைக்கு ஒரு வேன் அமர்த்தினோம்; அதன் செலவை இளைஞர்களே வீடுவீடாகச் சென்று திரட்டினர். பிக்கப் பாதித் தொட்டித் தண்ணீரோடு இரண்டு நடை சென்றது. சிலருக்கு என்மேல் சிறு வருத்தம் இருந்தது, இருக்கட்டும். ஓட்டுநர் தம்பி அன்றிரவு இடுப்பு வலியின்றி உறங்கினார் என்று அவருடைய மனைவி சொன்னார்.

நம் பங்குகளில் சிறு சரக்கு வண்டியே வாழ்வாதாரமாகக் கொண்ட குடும்பங்கள் பல உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை. மாதம் ஒரு முறை வண்டியைக் காலியாக, சமதளத்தில் நிறுத்தி இருபுற உயரத்தையும் அளந்து எழுதி வையுங்கள். மழையில் நீருக்குள் ஓடிய வண்டியென்றால் பட்டைகளின் இடுக்கைக் கழுவித் துருவைப் பாருங்கள். யூ போல்ட்டைச் சுற்றித் துருத்தூள் பளபளத்தால் அது தளர்ந்து ஆடுகிறது என்று பொருள். வாடகை மிகுதியாகத் தருகிறோம் என்று அளவுக்கு மேல் ஏற்றச் சொல்பவரிடம், மிகுதி வாடகை வில்லின் விலையில் கழிந்துபோகும் என்று சொல்லுங்கள். வண்டியைப் பிறர் ஓட்ட நீங்கள் உடைமையாளராக இருந்தால், அவ்வோட்டுநர் “வண்டி உட்கார்ந்துவிட்டது” என்று சொல்லும் நாளிலேயே அளவுநாடாவை எடுங்கள். வில் முறியும் ஒலியை எல்லாரும் கேட்பர். அது தளர்வதை அறிபவர் இருக்கையில் அமர்ந்திருக்கும் அந்த ஒருவரே.